எட்டாத கேபிள்

துவாஸ் லிங்க்கில் ரயில் முடிந்த பிறகும்
இருபது நிமிடம் பேருந்து. அப்புறம் கடல்தான்.
கடலுக்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள்,
பற்சக்கரம் செய்கிறவர்கள்.

இருநூற்றுப் பதினேழு கருவிகள்
ஓயாமல் பேசிக்கொள்கின்றன.
உலை கடைசல் எந்திரத்திடம்,
கடைசல் எந்திரம் கிடங்கிடம்,
கிடங்கு ஜெர்மனியில் யாரிடமோ.
பால்மாவு தீர்ந்தால்
காப்பி எந்திரம்கூட எங்கோ சொல்லிவிடுகிறது.
அத்தனையையும் ஒட்டுக்கேட்பது என் உத்தியோகம்.
கழுத்து அட்டையில் வேறு பெயர் போட்டிருக்கிறது.

செவ்வாய் இரவு எல்லாம் பச்சை.
உலை எண்ணூற்றைம்பது என்றது திரை.
நம்பினேன்.
திரையை நம்பத்தானே சம்பளம்.

மூன்று மணிக்கு பௌஜியா வந்தாள்,
கையில் ஆறிப்போன ஒரு சக்கரம்.
"அம்பத்திரெண்டு காட்டுது. அறுபது வேணும்.
மூணு தடவ பாத்துட்டேன்."

அவளுடைய கடினமானி மட்டும் வலையில் இல்லை.
இணைக்க வந்த அன்று கேபிள் ஒரு முழம் குறைந்தது.
அடுத்த மாதம் என்றார்கள்.
ஆறு வருடமாய் அடுத்த மாதம்.
தன்பாட்டில் ஒரு முள், ஒரு வட்டம்.
பொய் சொல்லிக்கொடுக்க
யாருக்கும் அதை எட்டவில்லை.

கைமானியை உலைக்குள் நீட்டினோம்:
எழுநூற்றுத் தொண்ணூறு.
திரை அப்போதும் எண்ணூற்றைம்பது.
நடுவே இருந்த அறுபது டிகிரியில்
யாரோ சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பார்வைக்கு ஒரு குறையும் இல்லை அந்தச் சக்கரத்தில்.
மினுக்கும். பெட்டியேறிப் போகும்.
ஏதோ ஊரில், ஏதோ மின்தூக்கியில்,
பதினொன்றாம் மாடிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
ஒருநாள் பல் உதிரும்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
உள்ளே வந்தவர்: சன்னாசி மு.
அனுமதி: உலை, முழு அதிகாரம்.
நேரம்: 1.40.

சன்னாசி ஊருக்குப் போய் நாலு வருடம்.
பெர்மிட் ரத்து, விடுதிப் படுக்கை ரத்து,
கேட்டரிங் சாப்பாடு மறுநாளே ரத்து.
பெயரை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை.
அது வேலைக்கு வந்துகொண்டே இருந்தது
சம்பளமில்லாமல்.

கடவுச்சொல்லை அமைத்துக்கொடுத்தது நான்தான்.
மறக்காத ஒன்றாய் வையுங்கள் என்றேன்.
மகள் பெயரை வைத்தார், பிறந்த வருடத்தோடு.
வருடாவருடம் கேக் படம் போடுகிறார்,
பெயர் எழுதிய கேக்,
உலகமே பார்க்க.

அறந்தாங்கியில் நடுராத்திரி. செய்தி அனுப்பினேன்.
விடிந்து வந்தது அவர் குரல்:
"நானில்லீங்க மேடம், சத்தியமா."
கொஞ்சம் காற்று. ஒரு ஆடு.
"அந்த உலைக் கதவு இன்னும் சிக்குதுங்களா?
முட்டியால ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க."

நீக்கப் போனேன்.
நிச்சயமாகவா என்று கேட்டது கணினி.
சன்னாசியை அனுப்பிய அன்று
இப்படி யாரும் கேட்டதாக நினைவில்லை.

அறிக்கை முப்பத்தொரு பக்கம்.
ஏழாவது பரிந்துரை: கடினமானியையும் இணைக்கவும்.
வெய் சியாங் புதுக் கேபிள் கொண்டுவந்து வைத்தான்,
ஐந்து மீட்டர், தாராளமாக எட்டும்.

உறை பிரிக்காத அந்தச் சுருளின் மேல்
சோற்று டப்பாவை வைத்துச் சாப்பிடுகிறாள் பௌஜியா.
தணிக்கைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.
நான் எதையும் பார்க்கவில்லை.