இருட்டு, நான்கு மீட்டர்

முதலில் வாங்கியது உருப்பெருக்கி.
சோர்ட்லாண்டில் ஒருவர்
கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.
லென்ஸைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுத்
தனியாகத் தந்தார். காலுறைக்குக் காசு வாங்கவில்லை.
ட்ரோம்சோ வரைக்கும் கப்பலில்
என் பக்கத்து இருக்கையில் வந்தது,
கழுத்து நீண்ட, வாய் திறக்காத பயணி.

அப்புறம் தாள், நூறு.
காலாவதியாகிப் பதினான்கு வருடம்.
‘கெடாது’ என்றார் ஓட்வார்,
‘மீன்முட்டையோடு உறைபெட்டியில்தான் கிடந்தது.’
பெட்டியைத் திறக்காமல் முகர்ந்து பார்த்தேன்.
பொய் சொல்லவில்லை மனிதர்.

தட்டு மூன்று வேண்டும்.
இரண்டு ஒழுங்கானவை.
மூன்றாவது பூனைக்கு மணல் கொட்டும் தட்டு, பாதி விலை.
பூனையின் பெயர் கேட்டாள் கடைக்காரப் பெண்.
வீட்டில் பூனை கிடையாது.
‘ஹைப்போ’ என்றேன்.

சிவப்பு விளக்கு ஒன்று.
வெப்பமானி ஒன்று.
அது உடைந்ததால் வெப்பமானி இன்னொன்று.
யானையை வாங்கியாயிற்று,
அங்குசத்துக்கு அழுவானேன் என்று
ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் அங்குசம் வந்தது.

ஸுன்னிவா வீட்டுக் கணக்கு எழுதுகிறவள்.
எல்லாவற்றுக்கும் அவளிடம் பாதி விலைதான் சொன்னேன்.
அந்தப் பாதிகளையே கூட்டிவிட்டு
‘இதற்கு ஒரு துடுப்புப் படகு வந்திருக்கும்’ என்றாள்.
மீதிப் பாதியில் இன்னொரு படகு
எனக்கு மட்டும் தெரிந்து மிதந்துகொண்டிருந்தது.

இந்த ஊரில் குளிர்காலத்து இருட்டுக்கு விலையில்லை.
இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது.
வாளியை வாசலில் வைத்தால் இருட்டு நிரம்பிவிடும்.
ஆனால் அப்போது நான் பனி தள்ளும் வண்டியில் இருப்பேன்,
விடியாத காலையிலிருந்து விடியாத மாலை வரை.
ஜூனில் வண்டி கொட்டகைக்குப் போகும்.
கை ஓயும்.
சூரியன் ஓயாது.

ஆகவே கடைசியாக இருட்டையும் வாங்கினேன்.
கறுப்புத் துணி, நான்கு மீட்டர்,
மீட்டர் நூற்றெண்பது குரோனர்.
‘எந்த நாடகத்துக்கு?’ என்றார் துணி வெட்டியவர்.
‘குளியலறைக்கு.’
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

இரவு ஒரு மணி. வெளியே பட்டப்பகல்.
எதிர்வீட்டு ஐலிஃப் ஏணி போட்டுச்
சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.
ஜன்னலில் துணியை ஆணியடித்தேன்,
கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன்,
முதல் தாளைத் திரவத்தில் முக்கினேன்.
படகுத்துறை வரவேண்டும்.
சாம்பல் வந்தது.
ஓரம் முதல் ஓரம் வரை, அடுப்புச் சாம்பல்.

பதினான்கு வருடமா, மீன்முட்டையா,
இல்லை எங்காவது ஒழுகுகிறதா?
சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு
கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்தேன், கண் பழகட்டும் என்று.

வெள்ளைக் குளியல் திரையில்
மெல்ல ஒரு மஞ்சள் சுவர் தொங்கியது.
கூரை கீழே. வானம் அதற்கும் கீழே,
தொட்டியின் விளிம்புவரை.
தலைகீழான ஏணியில் தலைகீழாக ஐலிஃப்.
அவர் ஏற ஏற இறங்கினார்.
தூரிகையை உதறினார், சொட்டு மேலே விழுந்தது.
துணியில் ஆணி நழுவிய இடத்தில்
மிளகளவு ஓட்டை.

‘ஸுன்னிவா!’ என்று கத்தினேன்.
கதவுக்கு அந்தப்பக்கம் தூக்கக் குரல்:
‘இது எவ்வளவு?’
‘சும்மா’ என்றேன்.
இந்த வசந்தம் முழுக்க
நான் சொன்ன ஒரே முழு விலை.
அவள் நம்பவில்லை. படுக்கை கிறீச்சிட்டது.

ஐலிஃப் வாளியைத் தூக்கிக்கொண்டு
வானத்தை விட்டு நகரும்வரை பார்த்திருந்தேன்.
அப்புறம் டேப்பைப் பல்லால் கிழித்து
ஓட்டையை அடைத்தேன்.
மஞ்சள் அணைந்தது.

இரண்டாவது தாளும் சாம்பல்தான்,
கொஞ்சம் வெளிறிய சாம்பல்.
இடது மூலையில் ஏதோ நிற்கிறது.
துறைமுகத் தூணாக இருக்கலாம்.
தொண்ணூற்றெட்டுத் தாள் மீதி இருக்கிறது.