மைனஸ் முப்பத்துநாலில் பாதிப் பக்கம்

பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் முகர்வது
அந்தப் புது வாசம்.
அதற்கே தனியாக ஒரு காசு கொடுக்கலாம்.
அடுத்தது எடை.
தராசு வேண்டாம் எனக்கு,
பதினொரு வருடமாய் இரத்தம் எடுக்கிற கை இது;
இருநூற்றுப் பத்துக் கிராமைத் தாண்டினால்
மணிக்கட்டே சொல்லிவிடும்.

"மெல்லிசு, போன வருடத்ததிலும் மெல்லிசு"
என்கிறான் போலோ பார்க் கடைப் பெடியன்.
அப்பளமா தம்பி என்று கேட்க வாயெடுத்து
ஆங்கிலத்தில் அப்பளம் நொறுங்காது என்று விட்டுவிட்டேன்.
பேனா தனியாம், உறை தனியாம்,
சார்ஜரும் இப்போது தனிக்குடித்தனம்.
விலை மட்டும் கூட்டுக் குடும்பம்,
வரியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறது.

டேப்லெட் என்பது வளர்ந்த போன்.
அவ்வளவுதான், சண்டைக்கு வராதீர்கள்.
குசினி மேடையில் சாய்த்து வைக்க நல்லது.
மாக் கை தவறிப் பட்டால்
நீங்கள் கேட்காத மூன்று சாமான் வீட்டுக்கு வரும்.
படிக்கவா?
இரவு பத்து மணிக்குக் கண்ணுக்குள் டார்ச் அடித்து
விசாரிக்கிறவனிடம்
எப்படிக் கதை கேட்பது?

மின்நூல் கருவி வேறு ரகம்.
இருக்கிற வெளிச்சத்தில் இருந்துகொள்ளும்.
பக்கம் மாறும்போது பழைய பக்கத்தின் எழுத்து
புகையாய்க் கொஞ்சம் தங்கும்.
அதைக் குறை என்கிறார்கள்.
எந்த வாடகை வீட்டுச் சுவரில்
முன்பிருந்தவர்களின் ஆணித்துளை இல்லை?

ஆனால் ஒரு பரீட்சை வைப்பேன்.
எந்தக் கருவியும் முதலில்
என் பெயரை எழுதிக் காட்ட வேண்டும்.
சௌதாமினி.
மின்னல் என்று பொருள்.
ஆய்வுகூடத்தில் சோடா.

கார்த்திகையில் வாங்கியது
கொம்பை ஒரு பக்கம் எறிந்து
வாலை மறுபக்கம் எறிந்து
நடுவில் யாரோ ஒரு புள்ளிவட்டத்தை உட்கார்த்தியது.
ச வாசலில் நிற்கிறது,
சொந்த வீட்டில் அழைப்புமணி அடித்துக்கொண்டு.
திரை அற்புதம்.
மின்கலம் ஆறு வாரம் தாங்கும்.
குளியல் தொட்டியில் விழுந்தாலும் சாகாது.
பதினாலாம் நாள் திருப்பிக் கொடுத்தேன்.
காரணம் என்ன என்றது படிவம்:
மனம் மாறியது, பரிசாகக் கிடைத்தது, உடைந்திருந்தது.
உடைந்திருந்தது என்பதில் குறி போட்டேன்.
பெடியன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
ஒரு கீறலும் இல்லை.

செந்தூரன் என் லாச்சியைத் திறந்து எண்ணுகிறான்.
ஏழு.
"சீலை வாங்கியிருந்தாலும் பரவாயில்லை."
சீலைக்குப் புதுப் பதிப்பு வராது என்றேன்.
"அதுதான் சீலையின் நன்மை."
பதின்மூன்று வருடக் கலியாணத்தில்
அவன் என்னை வென்றது அந்த ஒரு தடவை.

தை மாதம், போர்ட்டேஜ் அவென்யூ,
விடிய ஐந்து நாற்பது, மைனஸ் முப்பத்துநாலு.
கண்ணிமை ஒட்டுகிற வின்னிபெக் குளிர்.
நாற்பத்தொரு வீதம் மிச்சம் வைத்துக்கொண்டே
போன் செத்துவிட்டது.
பையில் இருந்தது லாச்சியிலேயே மூத்தது,
மூலை தேய்ந்தது, அழுத்தப் பொத்தான் உள்ளது.
இந்த ஊருக்குப் பொத்தான்தான் சரி.
கையுறையோடு தொட்டால்
தொடுதிரை என்னை ஆளே இல்லை என்கிறது.

அழுத்தினேன்.
மை குளிரில் தயங்கியது.
பக்கம் பாதிதான் மாறியது.

மேலே கப்பல் இன்னும் துறைமுகத்தில்,
யாரோ கயிறு அவிழ்க்கிறான்.
கீழே அவனே ஒரு தீவில்
சட்டையைப் பிழிகிறான்.
இடையில் கடல் இல்லை.

பிழைதான்.
ஆனாலும் அங்கேயே நின்று
அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

பஸ் வந்தது.
கட்டணப் பெட்டியும் உறைந்துபோய்க் கிடக்க
ஓட்டுநர் கையசைத்து ஏறு என்றார்.
உள்ளே சூடு பட்டதும்
மிச்சப் பக்கம் மெல்ல மெல்ல ஏறியது,
எனக்கு மூக்கு ஒழுகியது.

எட்டாவது வியாழக்கிழமை வருகிறது.
சௌ சரியாக எழுதுமாம்.
செந்தூரனுக்கு இன்னும் சொல்லவில்லை.