ஒரு மாத்திரை குறைகிறது

போத்தோசியில் காற்றுக்கு எடை குறைவு.
என் மருந்துக் கடைக் கதவு திறந்தால்
ஆள் நுழையுமுன் மூச்சிரைப்பு நுழைந்துவிடும்.
காசிமீரோ சோக்கேயும் அப்படித்தான் வந்தார்,
தலைக்கவசத்தைக் கழற்றாமல்,
மேல்வயிற்றை ஒரு கையால்
யாரோ நம்பிக் கொடுத்த பொருள்போல் பிடித்தபடி.

"காந்துகிறது, தோன்யா இலாரியா.
தின்றால் அடங்குகிறது.
இரண்டு மணி நேரம் கழித்து
தின்றதற்கு வட்டி கேட்கிறது."

சீட்டில் மருத்துவமனை முத்திரை.
குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்:
இரைப்பைச் சுவரில் புண்,
புண்ணைச் சுற்றிச் சுருள் சுருளாய்க் கிருமி.
அமிலத்திலேயே குடித்தனம் நடத்துகிற ஜாதி.
முழங்கால் புளிப்புத் தண்ணீரில் நின்று
பாறை உடைக்கிறவருக்கு
அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

நான்கு மருந்து. பதினான்கு நாள்.
முதலாவது வெறும் வயிற்றில்,
அமிலம் ஊறும் குழாயைத் திருகி மூட.
இரண்டு கிருமியைக் கொல்ல.
நாலாவது புண்மேல் பூச, கொத்தனார் மாதிரி.

சில்லறையை எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.
"ஐந்து நாளுக்கு வெட்டிக் கொடுங்கள்."

இங்கே எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.
கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
தலைவலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு இரண்டு,
பாதி அட்டை, கால் அட்டை.
ஆனால் இது அடிபட்ட பாம்பு.
ஐந்தாம் நாள் விட்டால் ஆறாம் நாள் சீறும்,
அதுவும் நம் மருந்தைப் படித்துத் தேறிய பிறகு.

"நாலாவதன் பெயர் என்ன சொன்னீர்கள்?"
"பிஸ்மத்."
சிரித்தார். சிரிப்பு வலித்தது, கை அழுத்தியது.
சட்டைப்பையிலிருந்து ஒரு கல்:
வெள்ளிபோல், சாய்த்தால் லேசான ரோஜாச் சிவப்பு.
"முப்பத்தோரு வருஷமாய் வெட்டுகிறேன்.
கல்லை வைத்துக்கொண்டு மாத்திரையைக் கொடுங்கள்."

இது எந்தக் கப்பலில் ஏறி
எந்த ஊர் ஆலையில் பொடியாகி
வெள்ளித் தாளுக்குள் படுத்துத் திரும்புகிறதோ,
இருவருக்கும் தெரியாது.
மீதி ஒன்பது நாளைக் கடன் நோட்டில் எழுதினேன்.
கல் இப்போது ரசீதுகள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
சாராயம் கூடாது. ஒரு சொட்டும்.
மூன்றாவது மாத்திரையோடு சேர்ந்தால்
குடல் வாய்க்கு வந்துவிடும்.

அவர் பேசவில்லை.
எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை.
சுரங்கத்தின் அடியில் களிமண் தீயோ,
கொம்பும் வாயில் சிகரெட்டுமாய் உட்கார்ந்திருப்பார்.
பெயருக்கு மாமா, கனிமத்துக்கு முதலாளி.
முதல் மூடி மண்ணுக்கு, இரண்டாம் மூடி தொண்டைக்கு.
குடிக்காதவன் தலையில்
எந்தக் கல் விழும் என்று யார் சொல்ல முடியும்?

"கோபித்துக்கொண்டால்?"
"மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்" என்றேன்.
விளையாட்டாய்த்தான் சொன்னேன்.

பத்தாம் நாள் ஓடி வந்தார்.
மூச்சு வாங்க நேரமில்லாமல் நாக்கை நீட்டினார்.
கறுப்பு. குகை வாய் மாதிரி.
"செத்துக்கொண்டிருக்கிறேனா?"

இல்லை என்றேன். பிஸ்மத் வாயிலிருக்கும் கந்தகத்தைச் சந்தித்தால்
இப்படிக் கறுக்கும்.
மலையில் இரண்டும் சேர்ந்து கிடக்கிறதே, அதே கல்தான்,
உங்கள் நாக்கில் மெல்லிசாய்.
மலமும் கறுக்கும். பயம் வேண்டாம்.
தார்போல் பிசுபிசுத்து நாறினால் மட்டும்
மருத்துவமனைக்கு ஓடுங்கள், என்னிடம் வராதீர்கள்.

நாக்கை மெதுவாக உள்ளே இழுத்தார்,
அதில் ஏதோ உடைந்துவிடும்போல.
எரிச்சல்?
"நேற்று உருளைக்கிழங்கு சூப், மிளகாயோடு.
வட்டி கேட்கவில்லை."

அட்டைகளை வாங்கி எண்ணினேன். பழக்கம்.
"ஒன்று குறைகிறது."

தலைக்கவசத்தைக் கழற்றினார். அன்றுதான் முதல் முறை.
வெள்ளிக்கிழமை இரண்டு மூடியையும் மண்ணுக்கே ஊற்றினாராம்.
கூட்டாளிகள் முறைத்தார்களாம்.
சீட்டைத் தீயோவுக்குக் காட்டினாராம், விளக்கு வெளிச்சத்தில்,
முத்திரை தெரிகிற பக்கமாய்.
பிறகு சிகரெட்டுக்குப் பக்கத்தில்
களிமண் உதட்டில் ஒரு மாத்திரை.
"உங்களுடையதுதான் மாமா.
வெளிநாடு போய் வந்திருக்கிறது."

திட்டலாமென்று வாய் திறந்தேன்.
கயிற்றை இழுத்துக் கத்தரிக்கோலை எடுத்து
புதிய அட்டையில் ஒன்றை மட்டும் வெட்டினேன்.
கடன் நோட்டில் அவர் பக்கத்தைத் தள்ளி
வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்:
பிஸ்மத், ஒன்று. தீயோ கணக்கு.