இருநூறு படி

ராணிப்பேட்டை சிப்காட்,
புதன்தோறும் சாப்பாட்டுக்குப் பின் முக்கால் மணி நேரம்.
ஏசி ஓடும் அறை என்பதால்
முதல் வாரம் பதினோரு பேர்.
மூன்றாம் வாரம் மூன்று.

கணக்குப் பிரிவு தஹ்சீன்
லோகோவைப் பக்கவாட்டில் பிடித்து இழுக்கிறாள்.
எங்கள் ஷூ வாத்துக்கால் போல் அகலமாகிறது.
ஷிஃப்ட்டோடு மூலையைப் பிடித்து இழு என்றேன்.
எந்த ஷிஃப்ட்டு, பகலா நைட்டா என்றார் கஜபதி.
சிரித்தார்கள், நானும்தான்.

கஜபதி டிஸ்பாட்ச்.
ஆயுதபூஜை நோட்டீசில் நாலு மூலைக்கும் பூ,
பூவுக்கு நிழல், நிழலுக்கு மினுமினுப்பு.
கொஞ்சம் காலியா விடுங்க சார், கண் மூச்சு வாங்கட்டும்.
"பேப்பருக்கு முழுசா துட்டு குடுத்துக்கீறோமே?"
என்னிடம் பதில் இல்லை.

லேயரைப் புரியவைக்க
ஆற்காட்டு மக்கன்பேடா ஒன்றை அறுத்துக் காட்டினேன்.
விளக்கி முடிக்குமுன்
எல்லா லேயரும் தீர்ந்துபோயின.

கழிவுநீர்ப் பிரிவு முனிரத்தினம்
மவுசை முட்டையைப் போல் பிடிப்பார்.
எதுவும் கேட்டதில்லை.
தப்பானால் கன்ட்ரோல் இசட், பயப்படாமல் அழுத்துங்கள்
என்று சொன்ன அன்று மட்டும்
"எவ்ளோ தூரம் பின்னாடி போவும்?"
இருநூறு படி என்றேன், நானே எழுதியதுபோல.
"அதுக்கு மேல?"
போகாது.
"மூடிட்டுத் தெறந்தா?"
அப்புறம் ஒரு படிகூடப் போகாது.
சரி என்று தலையாட்டினார்.
நாலாம் தொட்டி விவகாரம்
அப்போது எனக்குத் தெரியாது.

கடைசி வாரம் ஆளுக்கொரு பக்கம்.
தஹ்சீன், தங்கையின் மெகந்தி கடைக்கு விலைப்பட்டியல்.
கஜபதி அதே பூ,
ஆனால் மூன்று மூலைக்கு மட்டும்.

முனிரத்தினத்தின் பக்கம் மஞ்சள்.
உச்சியை ஒட்டி, கறுப்பில், பெரிதாக
இறங்காதே
அவ்வளவுதான். கீழே முக்கால் பக்கம் வெறுமை.
நடுவுக்கு இறக்கலாமே என்று மவுசை வாங்கப் போனேன்.
"வுடு சார். புதுசா வந்துக்கீற பசங்க
தமிழு படிக்க மாட்டானுங்க.
அவனுங்க எழுத்துல
அவனுங்களே எழுதட்டும்.
அப்பறமா லேமினேட் பண்ணிக்கலாம்."

திங்கட்கிழமை தொட்டிப் பக்கம் போனேன்.
மார்க்கரில் இரண்டு வரி.
ஒன்று இந்தி, மற்றது ஒடியாவாக இருக்கலாம்.
ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று சரிகிறது.
அடியில் எவனோ ஒரு மண்டையோடு போட்டிருந்தான்,
கோணலாக, நீள்வட்டமாக,
ஷிஃப்ட்டை அழுத்தாமல்.