இருவரும் ஒருவரே

முதலில் அடையாள அட்டையைக் கேட்டார்கள்.
பிறகு பிறப்புப் பதிவை.
பிறகு, பிறந்ததற்கும் செத்ததற்கும் நடுவில்
அவன் இருந்தான் என்பதற்கு ஏதாவது.

பிறப்புப் பதிவில் அண்ணன் கோணைலிங்கம்.
அடையாள அட்டையில் கோணலிங்கம்.
வங்கிப் புத்தகத்தில், யாரோ ஒரு அவசரக்காரரின் கையால்,
கோணலிங்கன்.
ஓர் ஐகாரமும் ஒரு மகரமும் வழிமறித்து நிற்க
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபா
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை நல்லவள்.
தெரிந்த தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாள்:
"அக்கா, இது மூன்று ஆள் மாதிரி."
"செத்தது ஒரு ஆள்தான் தங்கச்சி" என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது,
அந்தச் சொல்லை என் வாய் அன்றுவரை சொல்லவில்லை.

உட்துறைமுக வீதியில் போட்டோகொப்பிக் கடைக்காரன்
எத்தனை என்றான். ஏழு.
கன்னியாவில் அந்தியேட்டியன்று அள்ளி வார்த்தபோது
ஏழு கிணறும் ஏழு சூடு.
இங்கே ஏழு தாளும் ஒரே சூட்டில் வந்து விழுந்தன.
மரணத்துக்கான காரணம் என்ற கட்டத்தை
நான் இன்னும் வாசிக்கவில்லை.
கடைக்காரன் வாசித்துவிட்டான்;
சில்லறையை மேசையில் வைக்காமல் கையில் தந்தான்.

பஸ் நிலையத்தடியில் பைலை மடியில் வைத்து
பிளேன்டீ குடிக்கையில் ஒரு மான் வந்தது.
ஊர் மான், வெட்கம் கெட்டது.
மேலிருந்த பிரதியை உருவி
நின்ற இடத்திலேயே மென்று விழுங்கியது.
விரட்டப் போன பெடியனை விடு என்றேன்.
மூலப்பிரதி என்னிடம் இருக்கிறது.
அந்தக் கிழமை முழுக்க
ஒரு கேள்வியும் கேட்காமல் கடதாசியை ஏற்றுக்கொண்டது
அது ஒன்றுதான்.

சமாதான நீதவான் லாபிர் சேர்
எனக்குக் கணக்குப் படிப்பித்தவர்.
சத்தியக் கடதாசியை உரக்க வாசித்தார்:
மேற்சொன்ன பெயர்கள் யாவும்
ஒரே ஆளையே குறிக்கும் என்று...
நிறுத்தி,
"எப்படித் தெரியும் பிள்ளை?" என்றார்.
எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

எப்படித் தெரியும்.
படகு எஞ்சினின் காற்றாடி பெருவிரல் நகத்தைக் கொண்டுபோன அன்று
விரலைப் பொத்திக்கொண்டு
கீழே விழுந்த ஸ்பானரைத் தேடினவன்.
திருக்கடலூர்க்காரரின் கடனையெல்லாம் கொப்பியில் எழுதி
ஒரு பக்கத்தைக்கூடக் கூட்டிப் பார்க்காதவன்.
தொண்ணூறில், காட்டுக்குள், இருட்டில்,
என்னை முதுகில் போட்டுக்கொண்டு
"அழுதால் இறக்கி விட்டிடுவன்" என்றவன்.
அழுதேன்.
இறக்கி விடவில்லை.

கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம்.
"கூடப் பிறந்தவள்" என்று எழுதினேன்.
ஐம்பது ரூபா முத்திரைக்கு மேல் வைத்த கையெழுத்து
கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.
"பரவாயில்லை" என்று அவரே சீல் குத்தினார்.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம்
கைப்பைக்குள் அவன் போன் அடிக்கிறது.
"அண்ணை, எஞ்சின் ஸ்டார்ட் எடுக்குதில்லை."
அவர் இல்லை என்கிறேன்.
"எப்ப வருவார்?"
இந்த நம்பரை நிறுத்தவும் ஒரு படிவம் உண்டு.
அது பைலின் அடியில் கிடக்கட்டும்.

கதவிடுக்கில் கரண்ட் பில்.
அப்பாவின் பேரில்.
அப்பா வேலைக்குப் போய் முப்பத்து மூன்று வருஷம்;
ஒரு மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்.
மரணச் சான்றிதழ் எடுங்கோ, நட்டஈடு வரும் என்று
வந்து சொன்னவர்களுக்கெல்லாம்
அம்மா இந்தப் பில்லைத்தான் காட்டினாள்.
பேர் மாற்றுவதென்றால் இப்போது
அப்பாவுடையதும் வேண்டுமாம்.

லைட்டைப் போட்டேன்.
பில்லைப் பைலில் வைக்கவில்லை,
அவன் வைக்கிற இடத்தில்,
மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குக் கீழே வைத்தேன்.
வெள்ளிக்கு முன் கட்ட வேண்டும்.