கணக்கில் ஒரு ஜதை

பேர்ணாம்பட்டில் லோடு ஏற்றி முடித்தபோது மணி பதினொன்றரை.
ஷூவின் மேல்தோல்கள், பெட்டி பெட்டியாக.
விடிவதற்குள் ராணிப்பேட்டையில் இறக்க வேண்டும்.
எந்தக் குளிர் தேசத்திலோ
இருட்டில் ஓடுகிறவர்களுக்காம்.
குதிகாலில் வெள்ளி நாடா தைத்திருக்கிறது,
வெளிச்சம் பட்டால் அப்படியே திருப்பிக் கொடுக்கும்.
இம்தியாஸ் ஒன்றை டார்ச் அடித்துக் காட்டிச் சிரித்தான்,
குடியாத்தம் வருவதற்குள் தூங்கிப்போனான்.

இந்த ரோட்டுக்கு ஒரு பேச்சு உண்டு, வாயால் பேசுவதில்லை.
ஒருமுறை சிமிட்டினால், வருகிறேன்.
இருமுறை என்றால், முன்னால் காக்கிச்சட்டை.
இடது இண்டிகேட்டர் போட்டால், ஏறிப் போய்க்கோ.
எதிரே வருகிறவன் முகம் தெரியாது, ஊர் தெரியாது,
ஆனாலும் தூரத்திலேயே
அவன் விளக்கைத் தாழ்த்துவான், நானும் தாழ்த்துவேன்.
கல்யாண வீட்டு வாசலில்
இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையப்போய்
நீங்க போங்க, நீங்க போங்க என்று நிற்பது போல.

தாழ்த்தாதவர்களும் உண்டு.
அவர்களுக்காகத்தான் போன மாதம்
ஹெட்லைட்டில் இருந்த கறுப்புப் பொட்டைச் சுரண்டி எறிந்தேன்.
காட்பாடியில் ஆயிரத்து எண்ணூறு கொடுத்து
பம்பர்மேல் எல்இடி பட்டை மாட்டினேன்.
வலது பெருவிரலுக்குக் கீழே அதன் சுவிட்ச்.

திருவலம் தாண்டவில்லை இன்னும்.
எதிரே ஒரு லாரி, முழு வெளிச்சத்தில்.
நான் தாழ்த்தினேன். அவன் தாழ்த்தவில்லை.
இரண்டு தரம் சிமிட்டினேன். ம்ஹூம்.
பட்டையைத் தட்டினேன்.
அவன் கண்ணுக்குள் என் ஆயிரத்து எண்ணூறு ரூபாயும் போய் இறங்கியது.
அவன் மேலும் இரண்டு விளக்கைப் போட்டான்.
அப்புறம் ரோடு இல்லை. மரம் இல்லை. வெள்ளைக்கோடு இல்லை.
பால் கொட்டினது போல ஒரே வெண்மை,
அதற்குள் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நான்.

ஏன் அணைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
வெட்கம் என்று சொல்ல ஆசைதான்.
விரல் வியர்த்து வழுக்கியிருக்கலாம்.
அணைத்தேன். உடனே அவனும் தாழ்த்தினான்,
இதற்குத்தான் காத்திருந்தவன் போல.
தாழ்ந்த வெளிச்சத்தில், ரோட்டை ஒட்டி,
தார்மேல் புரண்டுகொண்டு போகிறது
கரும்புத் தோகை.

தோகைக்கு மேலே ஒரு வண்டி நிறையக் கரும்பு.

லாரி கடக்கிற வரைக்கும் பிரேக்கின்மேல் நின்றேன்.
அப்புறம் வலப்பக்கம் ஒடித்தேன்.
கண்ணாடியில் தோகை கீறியது, கேட்டது.
கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கினேன்,
கால் ரெண்டும் என்னுடையதாக இல்லை.

வண்டிக்காரர் பெயர் முனிரத்தினம்.
அம்முண்டி ஆலைக்குப் போகிறார்.
"இன்னாப்பா, டீசல் தீந்துபோச்சா?" என்றார்.
பின்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியாவது வைக்கக்கூடாதா என்றேன்.
"வெச்சிருந்தேன். கரும்பு ஏத்தசொல்ல உடைஞ்சிட்டுது.
மாட்டுக்குக் கண்ணு தெரியுது, எனக்கும் தெரியுது.
உங்களுக்குத்தான் வெளக்கு போட்டா தெரியமாட்டேங்குது."

பதில் வரவில்லை எனக்கு.
வேனைத் திறந்து, மேலே இருந்த பெட்டியின் டேப்பைக் கிழித்து
ஒரு ஜதை எடுத்தேன்.
குதிகால் வெளியே தெரிகிற மாதிரி
வண்டியின் பின்கட்டையில், கயிற்றால், இடதும் வலதுமாய்க் கட்டினேன்.
"இதுக்கு அடி இல்லியே," என்று தடவிப் பார்த்தார்.
"இது நடக்கிறதுக்கு இல்லைங்க."

இம்தியாஸ் விழித்து, கணக்கு உதைக்குமே என்றான்.
உதைக்கட்டும்.
ஒரு ஜதைக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று இன்னும் தெரியவில்லை.

கியர் மாற்றும்போது கண்ணாடியில் பார்த்தேன்.
பின்னால் வெகுதூரத்தில் இன்னொரு வண்டி, முழுப் பிரகாசம்.
கரும்புச்சுமை கறுப்பாய் எழுந்து நிற்கிறது அதன் முன்னால்.
எனக்கு அந்த நாடா தெரியாது, அது அவன் பக்கம் பார்க்கிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் தாழ்ந்தது.