மூன்றாவது பெட்டி

ஏழாம் வகுப்புப் படிவம்
மூன்று கிழமையாய் ஃபிரிட்ஜ் கதவில்,
ஹீட்டர் திருத்துகிறவர் தந்த காந்தத்தின் கீழ்.
மூன்று ஊசி, மூன்று பெட்டி.
ஈரலுக்கு ஆம்.
மூளைக்காய்ச்சலுக்கு ஆம்.
மூன்றாவதில்
பேனா முனை பட்ட ஒரு புள்ளி மட்டும்.

அந்தப் புள்ளி இவருடையது.
வேலையால் வந்து, ஜாக்கெட்டும் கழற்றாமல்,
பேனாவை வைத்தவர் எடுத்துவிட்டார்.
"இது பொம்பிளைப் பிள்ளையளின்ர ஊசியெல்லோ."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.
இன்னொன்றும் நினைத்தேன், அதை இவரிடம் சொல்லவில்லை:
பன்னிரண்டு வயது.
முள் எடுத்துக் கொடுத்தால்தான் இன்னும் மீன் தின்கிறான்.
இவனுக்கு எதற்கு இப்போதே
அந்தக் கதவை நான் திறந்துவிட வேண்டும்?

டே கெயாரில் என்னோடு நிற்கும் கமலினி சொல்கிறாள்,
அவசரமில்லையாம், கலியாணத்துக்கு முன்னம் போட்டால் சரியாம்.
எந்தக் கலியாணம், எந்த வருசம்?
திகதி குறித்து எனக்கு ஆர் தரப்போகிறார்கள்?

"என்ன எழுதிக் கிடக்கு, வாசி" என்றார் இவர்.
ஆரணன் வாசித்தான், தட்டுத்தடுமாறித் தமிழாக்கி.
வைரஸ். புற்றுநோய். ஆம்பிளையளுக்கும் வரும். தொண்டையிலயும்.
நாலாவது வரியில் ஒருக்கால் நின்று
ஆறாவதுக்குத் தாவினான்.

ஐந்தாவது வரி எனக்குத் தெரியும்.
இவருக்கும் தெரியும்.
அவன் காது சிவந்தது
சோற்றுப்பானை ஆவியால் என்று வைத்துக்கொண்டோம்.

மாடிப்படியில் மிதுலா.
ஒரு காதில் இயர்ஃபோன், மற்றக் காது எங்களிடம்.
"எனக்குப் போடேக்க
ஒருத்தரும் வாசிக்கச் சொல்லேல்லையே?"

இல்லை.
அவளுடைய படிவத்தைப் பள்ளிக்கூட வாசலில்
கார் பொனட்டில் வைத்து,
எழுத்தின் மேல் பனி விழ விழ,
வாசிக்காமலே ஒப்பமிட்டேன்.
பெண்ணென்றால் வரும்தானே என்று
எனக்கு முன்னமே எனக்குள் யாரோ
ஒப்பமிட்டு வைத்திருந்தார்கள்.
எங்கிருந்து வரும் என்று
கேட்கத் தோன்றவில்லை.

சோறு ஆறிப்போனது.
இவர் ஒன்றும் பேசவில்லை.
இரவு இரண்டு தரம் எழும்பித் தண்ணீர் குடித்தார்.
இரண்டு தரமும் ஃபிரிட்ஜ் கதவு
கனநேரம் மூடவில்லை.

இன்று நர்ஸ் வரும் நாள்.
ஏஜெக்ஸ், ஹார்வுட் வீதிச் சிவப்பு விளக்கு.
"உமக்குச் சரியெண்டால் சரி" என்று
விடியக்காலையில் இவர் படிவத்தை என் கைப்பையில் செருகியிருந்தார்.
காருக்குள் ஒரு பேனா இல்லை.
புருவப் பென்சில்தான் கிடந்தது.
பச்சை விழுமுன் அந்தப் புள்ளியில் தொடங்கி
ஒரு சரி இழுத்தேன், பெட்டிக்கு வெளியிலும் போனது.
திகதி எழுதும்போது பின்னால் ஹோர்ன்.
மாதம் பிழைத்துவிட்டது.

இறங்கும்போது கேட்டான்,
மூன்று கிழமையாய் எங்களில் ஒருவருக்கும்
நினைவு வராத ஒன்றை:
"நோகுமா அம்மா?"

நோகும் என்றேன். கொஞ்சம்.

தலையாட்டினான்.
வழக்கம்போல
கார்க் கதவைச் சாத்தாமலே போய்விட்டான்.